பதினான்காம் துண்டு

நான்கு மில்லிமீட்டர் என்று சீட்டு ஒட்டி வருகிற பலகை
உண்மையில் மூன்று புள்ளி ஏழு.
ஈரமான வாரத்தில் மூன்று புள்ளி ஒன்பது.
பிர்ச் மரம் பலகையான பிறகும்
மூச்சை இழுக்கிறது, விடுகிறது.
அளவியின் தாடையில் அதைக் கவ்வக் கொடுத்து
ஒவ்வொரு கட்டிலும் ஐந்து இடத்தில் கேட்கிறேன்:
இன்றைக்கு நீ எவ்வளவு?

வல்மியெராவில், பாலாடைக்கட்டி செய்த பழைய கட்டடம் இது.
புளித்த வாசனை இன்னும் சுவரைக் காலி செய்யவில்லை,
அதன்மேல் எங்கள் கருகல் வாசனை குடியேறிவிட்டது.
லேசர் மரத்தை அறுப்பதில்லை.
தின்றுகொண்டே நடக்கிறது.
தின்ற தடம், ஒரு நூலை இருபதாகப் பகுத்தால் அதில் ஒன்று.
அந்த ஒன்றை யார் கணக்கில் ஏற்றுவது?
காடியைக் கொஞ்சம் ஒடுக்கி வரைய வேண்டும்,
முளையைக் கொஞ்சம் பருக்க விட வேண்டும்.
மறந்தால்
உட்காருகிறவரோடு நாற்காலியும் சேர்ந்து பேசும்.

நாற்காலிகள் டாக்னியாவுடையவை. மிருகங்கள் என்னுடையவை.
அவள் நாற்காலி ஒரு தடித்த கடிதம் போலத் தபாலில் போகும்,
திருகாணி இல்லை, பசை இல்லை,
விளக்கத்தாளில் ஒரு சொல்கூட இல்லை, அம்புக்குறிகள் மட்டும்.
'சொல் இருந்தால் வீட்டில் சண்டை வரும்' என்பாள்.
அம்புக்குறிக்கும் வரும் என்று
ரீகாவிலிருந்து ஒரு தம்பதி
நாற்காலியை இரண்டு பெட்டிகளில் திருப்பி அனுப்பினார்கள்.

என் மூஸ் மானுக்கு இருபத்திரண்டு துண்டுகள்.
கொம்புக்கு மட்டும் ஆறு வாரம்,
நாற்பத்தேழு வரைபடம்.
பதினான்காம் துண்டு பின்னங்கால் முட்டியில் செருகுகிற ஆப்பு.
கட்டைவிரல் நகம் இரண்டைச் சேர்த்தால் வருகிற அளவு.
அது இல்லாவிட்டால் மான் உட்கார்ந்துவிடும்.

ஜனவரியில் லியெபாயாவிலிருந்து இங்குனா எழுதினாள்:
பதினான்கைக் காணோம்.
அனுப்பினேன்.
பிப்ரவரியில் மறுபடி.
பெட்டி கட்டுகிற நார்முண்ட்ஸைப் பார்த்தேன்.
அவன் தராசைக் காட்டினான்:
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்,
ஒன்று குறைந்தாலும் இது கத்தும், நீ கத்த வேண்டாம்.

மூன்றாம் கடிதத்தில் ஒரு படம்.
ஜாம் பாட்டிலில் சாய்ந்து நிற்கிறது என் மான்,
நோயாளி மாதிரி.
படத்தின் ஓரத்தில் ஒரு மூடிய கை.
எமீல்ஸ், வயது நான்கு.
முதல் ஆப்பு கைக்கு, இரண்டாவது தலையணைக்கு.
குளிக்கும்போதும் தருவதில்லை,
முகர்ந்து பார்க்கிறான், கன்னத்தில் தேய்க்கிறான்.
'மன்னிக்கவும், மானை அவன் இதுவரை கேட்கவே இல்லை.'

நானே வெட்டி எனக்கே வைத்துக்கொண்ட ஆப்பு.
அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.
கொம்பைப் பார்த்தேன். நல்ல கொம்புதான்.

ராத்திரி கோப்பைத் திறந்தேன்.
பலகையில் இடமில்லை,
வயிற்றின் வளைவுக்குள் காது, காதின் பக்கத்தில் குளம்பு,
நெரிசல் நேரத்துப் பேருந்து.
இரண்டு கொம்புகளுக்கு நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம்,
எப்போதும் அடுப்புக்குப் போகிற துண்டு.
பதினான்கை நகலெடுத்து அங்கே வைத்தேன், இடித்தது.
திருப்பினேன். முப்பத்தொரு பாகையில்
உட்கார்ந்தது,
அதற்காகவே நான் கொம்பு வரைந்தது போல.
முனைகளை உருட்டினேன், கன்னத்துக்கு ஆகும்படி.
எதிலும் செருக முடியாத ஆப்பு. ஒன்பது விநாடி கூடுதல் வெட்டு.

'இதை எங்கே பொருத்துவார்கள்?' என்றாள் டாக்னியா.
விளக்கத்தாளின் கீழ் மூலையில்
அதையும் வரைந்தேன்.
அம்புக்குறி போடவில்லை.

இப்போது வேறு மாதிரிக் கடிதங்கள் வருகின்றன,
டார்ட்டுவிலிருந்து, பிரேமனிலிருந்து:
ஒரு துண்டு மிஞ்சிவிட்டது,
எங்கே தப்பு செய்தோம்?

நார்முண்ட்ஸ் தராசை மாற்றிவிட்டான்.
இருநூற்றுப் பதின்மூன்று.